கடல் முயல் வாடகைக்குக் கிடைக்குமா?

வாசகர் கேள்விகள்: கடல்நீர் மீன்தொட்டி

போன இதழில் முடிப்பாசியைப் பற்றி எழுதியபோது, "கடல் முயல் என்று ஒன்று இருக்கிறது, பாசியை ஒரு கை பார்த்துவிடும்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. சரி, இந்த முறை முழுக்க அதே பேச்சு.

கேள்வி: சார், எங்கள் வீட்டில் 300 லிட்டர் மரைன் டேங்க், வைத்து எட்டு மாதம் ஆகிறது. பாறை முழுக்கப் பச்சை முடி மாதிரிப் பாசி. கையால் பிய்த்துப் போட்டாலும் நாலு நாளில் திரும்ப வந்துவிடுகிறது. கடல் முயல் ஒன்றை விட்டால் பத்து நாளில் பாறை பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? – வேளச்சேரி வாசகர்

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பதினோராம் நாள் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்.

கடல் முயல் என்பது ஓடு வெளியே தெரியாத ஒரு வகை நத்தை. தலையில் முயல் காது போல இரண்டு உணர்கொம்புகள் நிமிர்ந்து நிற்பதால் அந்தப் பெயர். கடைகளுக்குப் பெரும்பாலும் வருவது டோலபெல்லா ஆரிகுலேரியா என்ற இனம். பழுப்பும் பச்சையும் கலந்த நிறம், உடம்பெல்லாம் பரு, பின்பக்கம் கத்தியால் சாய்வாகச் சீவிவிட்ட மாதிரித் தட்டையாக இருக்கும். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். வாங்கும்போது உள்ளங்கை அளவுதான் இருக்கும், கடலில் 40 சென்டிமீட்டர் வரைகூட வளரும். பகலெல்லாம் மணலுக்குள் புதைந்தோ பாறை இடுக்கிலோ கிடந்துவிட்டு, விளக்கு அணைந்தபின் மேய வரும். காலையில் பார்த்தால் ஆடு மேய்ந்த வரப்பு மாதிரி பாறையில் ஒரு தடம் தெரியும்.

என்னுடைய முதல் கடல் முயல் பட்டினியில் செத்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பாறை சுத்தமாகிவிட்ட சந்தோஷத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் டேங்கைக் காட்டிக்கொண்டிருந்தேனே தவிர, அது வாரத்துக்கு வாரம் சுருங்கிக்கொண்டு வந்ததைக் கவனிக்கவே இல்லை, ஆறாவது வாரம் எடுத்துப் போட்டபோது ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது. வந்தபோது என் கை நிறைய இருந்த பிராணி அது.

அதனால் முதலில் உங்கள் பாசி என்ன பாசி என்று பாருங்கள். பிடித்து இழுத்தால் முடிக்கற்றை போலக் கையில் வரும் பச்சைப்பாசி என்றால் கடல் முயலுக்கு அது விருந்து. சிவப்பாக, ஊதா கலந்து, ஏடு மாதிரி உரிந்து வந்தால் அது நீலப்பச்சைப் பாசி, பெயரில் பாசி இருந்தாலும் உண்மையில் பாக்டீரியா வகை, டோலபெல்லாவை நம்பி அதை ஒழிக்க இறங்காதீர்கள். பழுப்பு நிறத்தில் சளி போல, நடுநடுவே காற்றுக் குமிழ்களோடு தொங்கினால் அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிராக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் நத்தைகளைக் கொல்லும் நச்சு வகைகளும் உண்டு, கடல் முயலை அங்கே விடவே கூடாது.

இன்னொரு விஷயம், பாசி எங்கேயும் போய்விடுவதில்லை. கடல் முயல் தின்கிறது, உருண்டை உருண்டையாகக் கழிகிறது, பாசிக்குள் இருந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அப்படியே திரும்பத் தண்ணீருக்கு வருகின்றன. வாரம் ஒருமுறை அந்தக் கழிவைச் சைஃபன் போட்டு உறிஞ்சி வெளியே எடுத்தால்தான் பிரயோஜனம். எட்டு மாத டேங்க்கில் இவ்வளவு பாசி என்றால் உங்கள் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஆவியான தண்ணீருக்கு ஈடாக என்ன ஊற்றுகிறீர்கள்? எங்கள் தெரு போர் தண்ணீர் டிடிஎஸ் மீட்டரில் 1400 காட்டும். வீட்டு ஆர்ஓ வடிகட்டியில் வருவதும் போதாது, அதற்குப் பின்னால், மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் வைத்து மீட்டரில் பூஜ்யம் வந்த தண்ணீரைத்தான் சேர்க்க வேண்டும். விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது, மீனுக்கு ஒரு நாளில் எத்தனை முறை தீனி போடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். இதெல்லாம் சரியான பிறகும் பாசி பிடிவாதமாக நின்றால் வாங்குங்கள். 300 லிட்டருக்கு ஒன்று போதும். ஜோடியாக இருக்கட்டும் என்று இரண்டு வாங்காதீர்கள், ஒன்றுக்கு ஆகிற நாளில் பாதியிலேயே பாசி தீரும், அப்புறம் இரண்டும் பட்டினி.

கேள்வி: நாங்கள் நாலு நண்பர்கள் மரைன் டேங்க் வைத்திருக்கிறோம். ஒரே கடல் முயலை ஆளுக்கு ஒரு மாதம் என்று சுற்றில் விட்டால் என்ன? கடைகளில் வாடகைக்குத் தருவார்களா? – அண்ணா நகர் வாசகர்

பதில்: வாடகைக்குத் தரும் கடையை நான் பார்த்ததில்லை, ஆனால் பாசி தீர்ந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு. வாங்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் யோசனை அதைவிட நல்லது என்பேன், அந்தப் பிராணிக்கு எப்போதும் எங்காவது மேய்ச்சல் இருக்கும். நாலு டேங்க்கிலும் உப்படர்த்தி (நல்ல தண்ணீரை 1 என்று வைத்து ஒப்பிடும் அளவு) ஒன்றாக இருக்கட்டும், எல்லோரும் 1.025 என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மாற்றத்திலும் அதற்கு அதிர்ச்சி குறையும். நாலு டேங்க்கில் ஏதாவது ஒன்றில் வெள்ளைப்புள்ளி நோய்க்காகத் தாமிர மருந்து ஊற்றியிருந்தால் அந்த டேங்கைச் சுற்றிலிருந்து எடுத்துவிடுங்கள். மீன் தாங்கும் தாமிரத்தை நத்தை இனம் தாங்காது, அது பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு பிறகும் கசியும். ஒருவர் டேங்க்கில் இருக்கும் மீன் நோய் தண்ணீரோடு அடுத்தவர் வீட்டுக்குப் போகும் என்பதும் நினைவிருக்கட்டும். பழைய தண்ணீரைப் புது டேங்க்கில் ஊற்றாதீர்கள்.

சுற்றில் எங்கும் பாசி இல்லாத மாதம் ஒன்று வந்தே தீரும். அப்போது எண்ணெய், உப்பு, மசாலா எதுவும் சேராத நோரி என்ற உலர்ந்த கடற்பாசித் தாளை ஒரு சிறு கல்லில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, விளக்கு அணைந்ததும் அது படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். சில கடல் முயல்கள் முதல் நாளே தின்னும், சில எட்டிக்கூடப் பார்க்காது. காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், ஊறிய நோரி தண்ணீரைக் கெடுக்கும். ராமநாதபுரம் பக்கம் கஞ்சிப்பாசி என்பார்களே, அந்தக் கிராசிலேரியா இனத்துச் செம்பாசி கிடைத்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் மயாமி பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடங்களுக்காகக் கடல் முயல் வளர்க்கிறார்கள், அங்கேயும் அதே கிராசிலேரியா குடும்பத்துப் பாசிதான் தீனி. வாரத்துக்கு ஒருமுறை கண்ணாடிப் பக்கம் வரும்போது ஸ்கேல் வைத்து நீளம் பாருங்கள். உடம்பு நீட்டிச் சுருக்குவதால் துல்லியமாக வராது, ஆனால் மாதக் கணக்கில் இளைத்தால் தெரிந்துவிடும். நான் அப்படி ஒரு ஸ்கேலை எடுத்திருந்தால் முதல் கேள்விக்கு அந்தக் கதையை எழுத வேண்டி வந்திருக்காது.

கேள்வி: கொரியரில் வரவழைத்தேன். கவரோடு கால் மணி நேரம் மிதக்கவிட்டுத் திறந்து டேங்க்கில் விட்டேன். மறுநாள் காலை வாய் பிளந்து கிடந்தது. என் தப்பா, அனுப்பியவர் தப்பா? – கோவை வாசகி

பதில்: கவரை மிதக்கவிட்டால் வெப்பம் மட்டும்தான் சமமாகும். உப்பு சமமாகாது. கடல் முயல் மீனைப் போலத் தன் உடம்பு உப்பைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் பிராணி இல்லை, வெளித் தண்ணீரின் உப்பு மாறினால் உடம்புக்குள்ளும் மாறும். விற்பவர்கள் செலவு மிச்சம் என்று 1.020 பக்கத்தில் வைத்திருப்பது உண்டு, அதிலிருந்து எடுத்து நேராக 1.025ல் போட்டால் தாங்குவது கஷ்டம்.

உள்ளூர்க் கடையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்தது என்றால் வழக்கமான வழி போதும். வாளியில் கவர்த் தண்ணீரோடு விட்டு, ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, டேங்க் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்துக்கு மேல் இறக்க வேண்டும். ஆனால் உங்களுக்கு வந்தது கொரியர், அங்கே கணக்கு வேறு. ஒரு ராத்திரி முழுக்க மூடிய கவரில் கழிவின் அமோனியாவும், மூச்சில் விட்ட கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்திருக்கும். கார்பன் டை ஆக்சைடு இருக்கும்வரை தண்ணீரின் பிஎச் தாழ்ந்தே நிற்கும், அப்போது அமோனியா அவ்வளவாகக் கொல்லாது. கவரைத் திறந்ததும் அந்த வாயு பறந்து பிஎச் ஏறும், அதே அமோனியா விஷமாக மாறிவிடும். அந்தத் தண்ணீரிலேயே இரண்டு மணி நேரம் சொட்டுப் போட்டுக்கொண்டிருந்தால் அது விஷத்திலேயே ஊறுகிறது என்று அர்த்தம். அதனால் அனுப்புகிறவரிடம் உப்படர்த்தி எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள், அதே அடர்த்தியில் ஒரு வாளித் தண்ணீர் தயாராக வைத்திருங்கள், கவரைத் திறந்த கையோடு அதற்கு மாற்றுங்கள், அங்கிருந்து மெல்ல உங்கள் டேங்க் அளவுக்கு ஏற்றுங்கள்.

யார் தப்பு என்று கேட்டீர்கள். பாதி பாதி என்று வைத்துக்கொள்ளலாம். கோவையில் வெயில் எப்படியோ தெரியாது, சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் நான் எந்தப் பிராணியையும் கொரியரில் வரவழைப்பதில்லை. டேங்க் 25 முதல் 27 டிகிரியில் நிற்க வேண்டும், அறையே 34 டிகிரி என்றால் சில்லர் இல்லாமல் முடியாது.

கேள்வி: நேற்று ராத்திரி என் டேங்க் முழுக்க ஊதாவாகிவிட்டது! ஊமத்தம்பூவைக் கரைத்துவிட்ட மாதிரி. என்ன செய்வது? மீன்கள் பிழைக்குமா? – தூத்துக்குடி வாசகர்

பதில்: கடிதம் வந்து சேர்வதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும், இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மிரண்டால் கடல் முயல் ஊதா மை விடும். அந்த நிறம் அது தின்ற செம்பாசியிலிருந்து எடுத்து வைத்த சாயம். ஏப்ளீசியா என்ற உறவுக்கார இனத்தில் ஆராய்ந்து பார்த்தபோது, செம்பாசி கிடைக்காமல் பச்சைப்பாசியிலேயே வளர்ந்தவற்றுக்கு அந்த ஊதா வரவில்லை. மையோடு சேர்ந்து வேறொரு சுரப்பியிலிருந்து பிசுபிசுப்பான வெள்ளைத் திரவமும் வரும்; கடிக்க வந்த சிங்கி இறாலின் உணர்கொம்புகளில் அது அப்பிக்கொண்டால் எதிரே இருப்பது என்ன என்றே அதற்குத் தெரியாமல் போய்விடும். இரண்டும் கலக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகிறது. கடலில் இது ஒரு புகைத்திரை மட்டும்தான், எல்லாம் அலையில் கரைந்து போய்விடும். உங்கள் கூடத்தில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் அதற்கு எங்கே போக வழி?

உடனே செய்ய வேண்டியது: முதலில் கடல் முயல் எங்கே, முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். மிரண்டு மை விட்டது என்றால் நிலைமை கைக்குள்தான் இருக்கிறது. அதைத் தண்ணீருக்குள்ளேயே ஒரு டப்பாவில் ஏறவிட்டு, காற்றுக்குழாய் போட்ட தனி வாளிக்கு மாற்றுங்கள். பாறையில் ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், பாதம் கிழிந்துவிடும். ஓரத்தில் பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை மெல்லச் சொருகினால் தானாக விடும். நிறத்தையும் நச்சையும் உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனைப் புதிதாக எடுத்துக் கழுவித் தண்ணீர் ஓடும் இடத்தில் தாராளமாக வையுங்கள், ஏர் பம்ப்பை ஓடவிடுங்கள், மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள், ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) பொங்கி வழிந்தால் கோப்பையைக் கழற்றி வழியவிடுங்கள். இதற்காகவே உப்புக் கரைத்த தண்ணீர் ஒரு 80 லிட்டர், ஒரு பாக்கெட் கார்பன் இரண்டும் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். கடல் முயலை வாங்குவதற்கு முன்பே வாங்கி வைக்க வேண்டியவை இவை.

ஆனால் அது வேவ்மேக்கரில், அதாவது டேங்க்கில் அலை எழுப்பும் விசிறியில், சிக்கி அரைபட்டிருந்தால் கதை வேறு. அப்போது மையோடு உடம்பில் இருக்கும் எல்லாமும் தண்ணீரில் கலக்கும். தின்னும் பாசியிலிருந்து விஷங்களைச் சேர்த்து வைத்துக்கொள்வது இந்தக் குடும்பத்தின் வழக்கம். டோலபெல்லாவின் உடம்பிலிருந்து பிரித்தெடுத்த டோலாஸ்டாட்டின் என்ற பொருளை மாதிரியாக வைத்து ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய ஒரு மூலக்கூறுதான், 2011ல் அமெரிக்காவில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற பிரென்டுக்ஸிமாப் வெடோட்டின் மருந்தில் செல்களைக் கொல்லும் வேலையைச் செய்கிறது. அதுவும் உண்மையில் கடல் முயலின் சொந்தச் சரக்கு இல்லை, அது தின்னும் நீலப்பச்சைப் பாசி தயாரிப்பது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்ட பிராணியை மிக்ஸியில் போட்ட மாதிரி ஆனால் மீன் பிழைக்குமா என்று கேட்காதீர்கள், மீன்களை எடுத்து வேறு தண்ணீருக்கு மாற்றுங்கள். பிறகு பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றம், இரண்டு நாளில் இன்னொன்று. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அரைபடாமல் தடுப்பது ஒரு மாலை நேர வேலைதான். பம்ப் உறிஞ்சும் வாய் ஒவ்வொன்றுக்கும் பெரிய துளை ஸ்பாஞ்ச். வேவ்மேக்கரைச் சுற்றிப் பிளாஸ்டிக் வலையை வளைத்து, உறிஞ்சும் இடத்திலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கும்படி கூண்டு மாதிரிக் கட்டுங்கள். ஒட்டிக் கட்டினால் உடம்பை வலையோடு சேர்த்து இழுத்துவிடும். மேல்தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோ சீப்பின் பல் இடைவெளி உங்களுக்குச் சின்னதாகத் தெரியும், எலும்பில்லாத உடம்புக்கு அது வாசல். ஸ்பாஞ்சை வாரம் இரண்டு முறை பிழிந்து கழுவாவிட்டால் அடைத்துக்கொண்டு பம்ப் சூடாகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: பேத்தை மீனோடு விடலாமா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: வேண்டாம். கடித்துப் பார்க்கும், அப்புறம் மேலே இருக்கும் ஊதாக் கேள்விதான். கிளாத்தி, பெரிய நண்டு, கடல் சாமந்தி இருக்கும் டேங்க்கும் வேண்டாம். கோமாளி மீனுக்காகச் சாமந்தி வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள், ராத்திரி இருட்டில் அதன்மேல் ஏறினால் கடல் முயல் கொட்டுப்பட்டு மை விடும். பவளத் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டாமல் வைத்திருந்தால் புல்டோசர் மாதிரித் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், தின்னாது.

கேள்வி: கண்ணாடி ஓரத்தில் பச்சைச் சேமியா மாதிரிச் சிக்கல் சிக்கலாக ஏதோ ஒட்டியிருக்கிறது. ஒரே ஒரு கடல் முயல்தான் வைத்திருக்கிறேன், முட்டையாக இருக்க முடியுமா? – கொழும்பு வாசகி

பதில்: முட்டைதான். ஒவ்வொரு கடல் முயலிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கும், உங்களிடம் வருவதற்கு முன்பே வேறொன்றோடு சேர்ந்திருக்கும், அந்த விந்தைச் சேமித்து வைத்துப் பிறகு முட்டையிடும். பொரித்துக் குஞ்சு வளர்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். பொரிந்து வருவது கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரி, வாரக்கணக்கில் நீந்தி, நுண்பாசி தின்று, பிறகுதான் தரையிறங்கும். வீட்டு டேங்க்கில் ஸ்கிம்மருக்கும் ஃபில்டருக்கும்தான் அது இரை. அழுகுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். பிலிப்பைன்ஸில் இந்தச் சேமியாவுக்கு லுகோட் என்று பெயர், வினிகர் ஊற்றிச் சாலட் மாதிரிச் சாப்பிடுகிறார்கள், அதற்காகவே டோலபெல்லாவை வளர்ப்பவர்களும் உண்டு. நீங்கள் உங்கள் டேங்க் முட்டையில் முயற்சி செய்ய வேண்டாம்.

கேள்வி: கடல் முயலுக்கு நோபல் பரிசு கிடைத்தது என்கிறான் என் மகன். அது நம்மை அடையாளம் கண்டுகொள்ளுமா? – திருச்சி வாசகி

பதில்: பரிசு நரம்பியல் ஆய்வாளர் எரிக் காண்டெலுக்கு, 2000ல், இன்னும் இருவரோடு சேர்த்து. அவர் ஆராய்ந்தது கலிஃபோர்னியாக் கடலின் ஏப்ளீசியா இனம். சுமார் 20,000 நரம்பணுக்கள்தான், அவற்றில் சில வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை, அதனால் நினைவு எப்படி உண்டாகிறது என்பதை அணு அணுவாகப் பார்க்க முடிந்தது. மெல்லத் தொட்டுக்கொண்டே இருந்தால் பழகிப்போய்ச் செவுளை இழுத்துக்கொள்வதைக் குறைக்கும், வாலில் அதிர்ச்சி கொடுத்தால் அதற்குப் பிறகு லேசாகத் தொட்டாலே சட்டென்று இழுத்துக்கொள்ளும். உங்கள் முகம் அதற்குத் தெரியாது. மகன் தினம் குச்சியால் குத்தினால் அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த இனத்தை எங்கேயாவது விற்றால் வாங்காதீர்கள், குளிர்ந்த கடலுக்கு உரியது, நம் டேங்க் வெப்பத்தில் நிற்காது.

கேள்வி: எங்கள் ஊரில் நீர் வற்றும்போது கல் இடுக்கில் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? – ராமேஸ்வரம் வாசகர்

பதில்: மன்னார் வளைகுடாவில் டோலபெல்லா உண்டு, உண்மைதான். ஆனால் உங்கள் ஊரிலிருந்து தூத்துக்குடி வரை இருக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே எதையும் எடுக்கக் கூடாது. கடல் முயலைத் தேடிப் போகிற கையோடு நல்ல பாறையாக இருக்கிறதே என்று பவளத் துண்டை எடுத்தால் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணைக் குற்றம், ஜாமீனுக்கு அலைய வேண்டி வரும். டேங்க்கில் வைத்திருந்ததைத் திரும்பக் கடலில் விடவும் வேண்டாம், எந்த நாட்டுத் தண்ணீரில் எந்த மீனோடு இருந்ததோ, அதன் நோயும் கூடவே போகும்.

கேள்வி: வாங்கிப் பத்து நாள் ஆகிறது, ஆறு நாளாகக் காணவில்லை. செத்துவிட்டதா? – தாம்பரம் வாசகர்

பதில்: செத்திருந்தால் தண்ணீர் சொல்லும். அமோனியா டெஸ்ட் போடுங்கள், பூஜ்யம் என்றால் பதறாதீர்கள். மணலைக் கிளறித் தேட வேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு பாறைக்குப் பின்பக்கம் பாருங்கள். அங்கே இல்லையென்றால் ஓவர்ஃப்ளோ பெட்டி, அப்புறம் டேங்க்குக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப். என்னுடைய இரண்டாவது கடல் முயல் இப்படித்தான் ஒரு வாரம் காணாமல் போய், கடைசியில் ஓவர்ஃப்ளோ பெட்டியின் அடியில் உட்கார்ந்திருந்தது, நான் மூன்று வருஷமாகக் கை எட்டாமல் விட்டுவைத்திருந்த பாசியை மேலிருந்து கீழ்வரை துடைத்து வைத்துவிட்டு.